வலக்கைகள்

அக்டோபர் கடைசியில் முதல் கையுறை வரும்.
வாசல் எந்திரத்தில் அட்டையைக் காட்ட
வலக்கையை மட்டும் உரிக்கிறார்கள்.
உரித்ததை ஜன்னல் விளிம்பில் விட்டுவிட்டு
படியேறிப் போய்விடுகிறார்கள்.
ஆகவே தார்த்து நகரத்தில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில்,
தொலைவதெல்லாம் வலக்கைதான்.

கண்டுபிடித்தவர் உர்மாஸ்.
மின்தூக்கியும் கொதிகலனும் அவர் பொறுப்பு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மின்தூக்கி நின்றுவிட்டால்
உள்ளே மாட்டியவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக
வானிலை அறிக்கை வாசிப்பார்.
அங்கே வானிலை எதற்கென்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

நவம்பரில் நாலு மணிக்கே இருட்டு.
ஸினயிதா அலமாரிகளுக்கிடையே
வரிசை எண்களை முணுமுணுத்துக்கொண்டு போவாள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
யாரையோ திட்டுவதுபோல் இருக்கும்.
சில நாள் திட்டுவதேதான்.

டிசம்பரில் ஒரு வாரம் தாமதக் கட்டணம் இல்லை.
பதினோரு வருஷம் கழித்து நீரியல் நூலொன்று திரும்பியது,
ஆற்றில் விழுந்து எழுந்த முகத்தோடு.
எப்போதோ காய்ந்துவிட்ட அதை
கைரே வெப்பக்குழாய் மேல் விரித்து வைத்தாள்.
பணியாளர் அறையில் வெல்லோ இரத்தச் சாஸேஜ் வறுக்க,
புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டு:
‘படிக்க முடியவில்லை. பசிக்கிறது.’

ஜனவரியில் கைரே பனியில் வழுக்கினாள்.
வலக்கையில் கட்டு.
விடுப்பு வேண்டாமென்று இடக்கையாலேயே
தேதி முத்திரை குத்தினாள்.
அந்த மாதம் வெளியே போன நூல்களில்
எல்லாத் தேதியும் தலைசாய்த்து நிற்கும்.

பிப்ரவரியில் கூரைப் பனியை வெட்டித் தள்ளுவார்கள்.
பாளம் விழும் ஒவ்வொரு முறையும்
வாசிப்புக் கூடத்தில் இருநூறு தலைகள்
ஒன்றாய் நிமிரும்.
வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்யும்
ஒரே காரியம்.

மார்ச்சில் உர்மாஸ் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி
கவ்வி போட்டுத் தொங்கவிட்டு எண்ணினார்.
முப்பத்தொரு வலக்கை.
ஓர் இடக்கை.
சாம்பல் கம்பளி, கட்டைவிரலில் பச்சை நூலால் ஒட்டு.

‘இடக்கைக்காரர் ஒருவர் நம்மிடையே நடமாடுகிறார்’
என்றார், துப்பறிவாளர் குரலில்.
அன்றிலிருந்து வெல்லோ பேனாவை மேசை நடுவில் வைத்து
எந்தக் கை நீள்கிறதென்று பார்த்தான்.
ஏப்ரல் முடிய ஒன்பது பேர் சிக்கினார்கள்.
எட்டுப் பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.
ஒன்பதாமவள் போட்டுப் பார்த்தாள்,
விரல்களை மடக்கி விரித்தாள்.
‘பொருந்துகிறது, ஆனால் என்னுடையது இல்லை.’
கழற்றிக் கொடுத்தாள்.
அந்த வாக்கியத்தோடு அன்று
பாலம் தாண்டி வீடுவரை நடந்தேன்.

மே இறுதி. தேர்வு. லைலாக்.
ஐந்திதழ்ப் பூ கிடைத்துத் தின்றால் அதிர்ஷ்டம் என்பது
இந்த நாட்டு நம்பிக்கை.
எங்கள் படிக்கட்டோரப் புதரில்
கையெட்டும் உயரம்வரை ஐந்திதழ் மிஞ்சவில்லை.
சட்டம் படிக்கிறவன் ஒருவன் நாற்காலி இரவல் கேட்டான்.
விதிப்படி மறுத்தேன்,
பிறகு ஏணி இருக்குமிடத்தைச் சொன்னேன்.

ஜூனில் கதவடைத்து இருப்பெடுப்பு.
நான் எண் வாசிக்க, கைரே சரிபார்த்தாள்.
சாய்ந்த தேதியோடு ஒரு நூல் கைக்கு வந்தது.
அதைப் பார்த்தேன்,
அவளைப் பார்த்தேன்.

‘ஆமாம், என்னுடையதுதான்’ என்றாள்.
‘கட்டுப்போட்ட கைக்கு ஏது உறை?
மற்றதைத்தான் வாசலில் உரித்தேன்.’

மூன்று மாதம் அதன் கீழேயே காப்பி குடித்தவள்.

‘இத்தனை ஆசையாய்த் தேடினீர்களே,
வெல்லோ பேனாவை நேராக்கி நேராக்கி வைத்தானே,
கெடுக்க மனசு வரவில்லை.’

வெளியே வெயில். பத்தரைக்கும் வெளிச்சம் போகாத மாதம்.
கையுறை கயிற்றிலேயே கிடந்தது.
உர்மாஸ் தன் ஏட்டை எடுத்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதினார்:
இடக்கை, ஒன்று.
உரியவர் அகப்பட்டார்.
எடுத்துக்கொள்ளவில்லை.